வெறும் உருண்டை

அந்த ஹோமியோபதி மருந்தகத்துக்கு வந்துபோகிற எல்லோருக்கும் அவள் உருண்டையக்கா. பெயரை வைத்து ஆளை எடைபோட்டுவிடாதீர்கள், குடைக்கம்பி மாதிரி இருப்பாள். மருந்துத் துளி ஏற்றிக் கொடுக்கிற வெள்ளைச் சர்க்கரை உருண்டைகளை இருபத்திரண்டு வருஷமாகக் குப்பியில் நிரப்பித் தருகிறாளே, அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாகத் தூங்குகிறது.

மருந்தகம் என்றதும் பெரிய கட்டடமாக நினைக்க வேண்டாம். பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, குறுகலான படியில் ஏறினால் மூன்று அறை. முன்னறையில் ஏழெட்டு நாற்காலிகள். பின்னறையில் டாக்டர் சார். எழுபது வயதாகிறது, இன்றுவரை யாரையும் 'நீ' என்று சொன்னதில்லை. நடு அறை உருண்டையக்காவின் ராஜ்ஜியம். முன்னறைப் பக்கம் ஒரு மரத் தடுப்பு, அதில் தலை மட்டும் நுழைகிற அளவுக்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் அவள் மேஜை. மேஜைமேல் ஒரு பெரிய தகர டப்பா. அதற்குள் மருந்து ஏறாத வெறும் உருண்டைகள், கடுகைவிடக் கொஞ்சம் பெரியவை. டாக்டர் சார் சீட்டு எழுதி அனுப்புவார். இவள் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி உருண்டைகளைக் குப்பிக்குள் சரிப்பாள், அலமாரியிலிருந்து கறுப்புப் புட்டியை எடுத்து நாலு துளி விடுவாள், மூடியைத் திருகி உள்ளங்கையில் பத்துத் தட்டுத் தட்டுவாள், சீட்டொட்டி, அச்சுக் கோத்த மாதிரியான கையெழுத்தில் 'நான்கு உருண்டை, மூன்று வேளை' என்று எழுதுவாள். ஒரு நாளைக்கு அறுபது குப்பியாவது ஆகும்.

ஒவ்வொரு தடவையும் கூம்பில் பத்துப் பன்னிரண்டு உருண்டை தங்கிவிடும். அதைத் திரும்ப டப்பாவில் போடக் கூடாது. தூர எறியவும் மனசு வராது. தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? காகிதத்தை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொள்வாள். அது அவளுக்குத் தின்பது என்றே தெரியாது. நாம் கண்ணிமைக்கிறோம், எத்தனை தடவை என்று எண்ணுகிறோமா? அப்படித்தான். யாராவது பார்த்தால், "சும்மா, வெறும் உருண்டை" என்பாள்.

அந்த ஜன்னலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வருகிற பெண்களில் பாதிப் பேர் டாக்டர் சாரிடம் போய், "தலைவலி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, ஜன்னலுக்குள் தலையை விட்டு, உருண்டையக்காவிடம் நிஜத்தைக் கிசுகிசுப்பார்கள். அரிப்பு, எரிச்சல், வெள்ளைப்படுதல். சொல்லும்போதே முகம் கன்றிவிடும். அவள் சிரிப்பாள்.

"இதுல என்னம்மா வெட்கம்? மூக்குல சளி வந்தா சொல்லமாட்டியா? இதுவும் உடம்புதானே. நெருப்புன்னு சொன்னா வாய் வெந்துடுமா?"

பிறகு எழுந்து போய் டாக்டர் சாரிடம் இரண்டே வார்த்தையில் சொல்வாள். அவர் பழைய சீட்டைக் கிழித்துப் புதுச் சீட்டு எழுதுவார். எத்தனை பெண்கள் அந்த ஜன்னலால் பிழைத்தார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி.

ஆனால் ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது அவளுக்கென்றே சொன்னது.

ஏழு மாசத்துக்கு முன்னால் அவளுக்கே வந்தது. முதலில் அரிப்பு. அடுத்து எரிச்சல். அப்புறம் தயிர்த் திப்பி மாதிரி வெள்ளை. இது என்னவென்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஈஸ்ட். எல்லோர் உடம்பிலும் ஒரு மூலையில் சும்மா கிடக்கிற பூஞ்சைதான், இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும். இடப்பக்க அலமாரியில் மூன்றாவது தட்டிலிருந்து புட்டியை எடுத்துத் தனக்குத் தானே மருந்து கட்டிக்கொண்டாள். நாலு நாள் அடங்கியது. ஐந்தாம் நாள் வட்டியோடு திரும்பி வந்தது. அடுத்த புட்டி. அதற்கும் அடுத்தது. ஒரு தட்டு முழுவதையும் சுற்றி வந்தாயிற்று, அரிப்பு மட்டும் வீட்டைக் காலி செய்வதாக இல்லை.

டாக்டர் சாரிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்ல முடியவில்லை. அப்பா மாதிரி மனுஷன், இருபத்திரண்டு வருஷம், அவரிடம் போய் இதையா? இது ஒரு பாதி. மறுபாதிதான் பெரிது. அவளுக்குக் கூடப் பிறந்த அக்கா ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அரிப்பு, வெள்ளை, கொஞ்சம் இளைப்பு. பதினோரு மாசம் யாரிடமும் மூச்சுக் காட்டவில்லை. காட்டியபோது கர்ப்பப்பை வாயில் புற்று முற்றிப்போயிருந்தது. படுக்கையில் கிடந்தபடி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்டி" என்றாள். மூன்று வருஷமாகிறது.

அதைக் கேட்டவள் அல்லவா முதலில் ஓடியிருக்க வேண்டும்? கேட்டதனாலேயே ஓட முடியவில்லை. பரிசோதனை செய்யாதவரை அது வெறும் அரிப்பு. செய்துவிட்டால் அக்காவுக்கு வந்ததாக ஆகிவிடுமே! பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். எனக்குக் கோபமாக வருகிறது, ஆனாலும் அவள் இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்தால் கோபம் பாதியாகிவிடுகிறது.

வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். இருபது குழந்தைகளின் கூச்சலை நாள் முழுக்கக் கேட்பதாலோ என்னவோ, வீட்டில் அதிகம் பேச மாட்டார். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள், அவள் அறை காலியாகக் கிடந்தது. ஒருநாள் உருண்டையக்கா தலையணையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்ப் படுத்தாள். இப்படி ஓர் உடம்போடு அவர் பக்கத்தில் படுக்கக் கூச்சம், கேட்டால் பதில் சொல்லப் பயம்.

"என்ன ஆச்சு?" என்று வாசலில் நின்று கேட்டார்.

"உங்க குறட்டையில தூக்கமே வரலைங்க."

"நான் குறட்டை விடுறேனா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரரா விடுறாரு?"

முழுப் பொய். அந்த மனிதர் தூங்கினால் மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துத்தான் பார்க்க வேண்டும், அவ்வளவு சாது. கல்யாணமான புதிதில் பயந்துபோய் அப்படிப் பார்த்தவளே இவள்தான். அவர் விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

மறைத்தாலும் ஒருத்தியிடம் மாட்டிக்கொண்டாள். மாடியில் குடியிருக்கிற நாத்தனார், அவர் தங்கை. அழகு நிலையம் வைத்திருக்கிறாள். வருகிறவர்களுக்குப் புருவம் திருத்தியபடியே கைப்பேசியில் இயற்கை வைத்திய வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறைக்குள் நுழைந்து, அடுப்பில் கொதிக்கிற பாத்திரத்தின் மூடியைத் திறந்துவிட்டாள்.

"அண்ணி, இது என்ன, உள்ளாடையை வேக வச்சிருக்கீங்க?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், கொதிக்கிற உள்ளாடையை எதில் மறைப்பது? உருண்டையக்கா உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அரிப்பைச் சொன்னாள். அக்காவை மட்டும் சொல்லவில்லை. நாத்தனாருக்கோ கண் பளபளத்தது. இத்தனை நாள் பார்த்த வீடியோவுக்கெல்லாம் இப்போதுதான் ஒரு நோயாளி கிடைத்திருக்கிறாள்!

"அண்ணி, கவலைய விடுங்க. ஈஸ்டுக்குத் தீனியே சர்க்கரைதான். பட்டினி போட்டா தானா ஓடிடும். அண்ணன்கிட்ட நான் மூச்சு விடமாட்டேன்."

அன்றைக்கே ஆட்சி மாறியது. டீயில் சர்க்கரை கிடையாது. ரொட்டி கிடையாது. பழம்கூடக் கிடையாது. காலையில் வெறும் வயிற்றில் நாலு பல் பச்சைப் பூண்டு. மூன்று வேளையும் புளிக்காத தயிர். படுக்கும் முன் தேங்காய் எண்ணெய். வாரத்துக்கு இரண்டு நாள் வினிகர் கலந்த தண்ணீரில் கழுவ வேண்டும்.

பூண்டின் மகிமை மருந்தகத்தில் தெரிந்தது. ஜன்னலுக்குள் தலையை விட்ட பெண்கள் விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார்கள். டாக்டர் சார் எழுந்து வந்து எல்லாக் கதவையும் திறந்து வைத்துவிட்டுப் போனார். வினிகர் இன்னும் ஒருபடி மேலே போனது. ஒரு வாளிக்கு இரண்டு மூடி என்பதுதான் நாத்தனார் சொன்ன அளவு. சீக்கிரம் குணமாகட்டும் என்று இவள் கால் புட்டியைக் கவிழ்த்தாள். குளியலறையிலிருந்து வந்த அலறலில் வீட்டுக்காரர் கையில் சவரக் கத்தியோடு ஓடிவந்து கதவைத் தட்டினார்.

"என்ன, என்ன ஆச்சு?"

"கரப்பான்பூச்சிங்க!"

"கதவைத் திற, அடிச்சுடுறேன்."

"செத்துடுச்சு! நீங்க போங்க!"

நாற்பது நாள் ஆயிற்று. ஒரு துண்டு இனிப்பு வாயில் படவில்லை என்று அவள் சத்தியம் செய்வாள். அரிப்போ முன்னைவிட ஜாஸ்தி. அதோடு புதிதாக ஒரு தாகம், குடம் குடமாகக் குடித்தாலும் அடங்காத தாகம். உடுப்பெல்லாம் தொளதொளவென்று தொங்கியது. ஏற்கெனவே குடைக்கம்பி, இப்போது துணி இல்லாத குடைக்கம்பி. கண்ணாடியில் பார்த்தால் அக்காவின் கடைசி மாசத்து முகம் தெரிந்தது. மகளுக்குப் போன் செய்து, அலமாரிச் சாவி எங்கே இருக்கிறது என்று, எதற்கும் இருக்கட்டும் என்று சொல்லி வைத்தாள்.

மருந்தகத்திலும் ஒரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. தகர டப்பா சீக்கிரம் சீக்கிரம் காலியாகிறது. இரண்டு மாசம் வருகிற உருண்டை இப்போது ஐந்து வாரம் வருவதில்லை. டீயில் சர்க்கரை போன பிறகு அவள் கை கூம்புக்குப் போகிற தடவை கூடிவிட்டது, கைப்பைக்குள் ஒரு குப்பிகூட ஏறிவிட்டது. கைக்குத்தான் அது தெரியும், அவளுக்குத் தெரியாது. டாக்டர் சார் டப்பாவைத் தூக்கிப் பார்த்தார், மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"எலி வருதுன்னு நினைக்கிறேன்மா" என்றார். மறுநாள் ஒரு மர எலிப்பொறி வாங்கிவந்து, ஒரு துண்டு ரொட்டி மாட்டி, அவள் காலடியிலேயே வைத்தார். ரொட்டி காய்ந்து கல்லானது. எலி வரவில்லை.

"கெட்டிக்கார எலிதான் சார்" என்றாள் அவள், காகிதக் கூம்பை வாயில் கவிழ்த்தபடி.

இந்தப் பட்டினிக்கு இரண்டு மாசம் முன்னாலிருந்தே டாக்டர் சார் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பெயரில்லாத ஒரு சீட்டை நீட்டுவார்.

"என் நண்பர் ஒருத்தருக்கு. நானே கொடுத்துடுறேன்."

புட்டியைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "குறட்டைக்கா சார்?"

"ம்."

"எங்க வீட்லயும் ஒரு ஆளுக்கு வேணும்" என்று சிரித்தாள். பொய்யைப் பத்து இடத்தில் சொன்னால் நிஜமாகிவிடும் என்று அவளுக்கு ஒரு எண்ணம். டாக்டர் சார் இருமிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உடைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு பெண், முப்பது வயதிருக்கும், வங்கி ஊழியர் அட்டை கழுத்தில் தொங்க, ஜன்னலுக்குள் தலையை விட்டுச் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் நின்றாள். உருண்டையக்கா பழக்கத்தில் தொடங்கினாள். "இதுல என்னம்மா வெட்கம்? மூக்குல சளி..."

"உங்களுக்கு என்னக்கா, சொல்லிடுவீங்க" என்றாள் அந்தப் பெண், கண்ணில் நீரோடு. "உங்களுக்கே வந்து பாக்கட்டும். அப்புறம் தெரியும்."

அவள் சாபம் விடவில்லை பாவம், வெட்கத்தில் சொன்னாள். உருண்டையக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அந்தப் பெண்ணை டாக்டர் சாரிடம் தானே கூட்டிப்போய் விட்டாள். பிறகு மேஜைக்கு வந்து, அரை நாள் விடுப்பு என்று எழுதி வைத்துவிட்டு, நேரே அழகு நிலையத்துக்குப் போனாள். நாத்தனார் யாருக்கோ முகத்தில் எதையோ பூசிக்கொண்டிருந்தாள்.

"கிளம்பு. ஆஸ்பத்திரிக்கு" என்றாள். படியிறங்கும்போது அக்காவைப் பற்றியும் சொல்லிவிட்டாள். நாத்தனார் நடு வழியில் நின்றுவிட்டாள்.

"இதை மனசுல வச்சுக்கிட்டா அண்ணி பூண்டு தின்னீங்க?"

பெண்கள் மருத்துவமனையில் டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். படபடவென்று பேசினார், ஆனால் கை மெதுவாக இருந்தது. பரிசோதித்தார், பஞ்சில் தொட்டு எடுத்தார், கர்ப்பப்பை வாயிலிருந்தும் எடுத்தார், ரத்தம் கொடுக்கச் சொன்னார். ஈஸ்டுக்கு விழுங்க ஒரு மாத்திரையும் உள்ளே வைக்க மருந்தும் எழுதினார். "இது அரிப்பை அடக்கும். ஏன் திரும்பத் திரும்ப வருதுன்னு ரிப்போர்ட் சொல்லும். அடுத்த வியாழக்கிழமை வாங்க."

ஒன்பது நாள். அரிப்பு நாலாம் நாளே அடங்கிவிட்டது. பயம் அடங்கவில்லை. சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் இரண்டு தடவை, "உடம்புக்கு ஏதாவது?" என்று கேட்டார். "தூக்கம் சரியில்லைங்க" என்றாள். அவர் முகம் சுருங்கியது. அதைப் பார்க்கிற நிலையில் அவள் இல்லை.

வியாழக்கிழமை டாக்டரம்மா முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நாத்தனார் கையை அண்ணியின் முழங்காலில் வைத்திருந்தாள். டாக்டரம்மா காகிதங்களைப் புரட்டினார்.

"முதல்ல நீங்க பயந்ததைச் சொல்லிடுறேன். புற்று இல்ல. கர்ப்பப்பை வாய் சுத்தமா இருக்கு."

"இல்லையா?"

"இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா டாக்டர்?"

"நானும் பாத்தேன், லேப்லயும் பாத்தாங்க. இல்லம்மா."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி என்று எத்தனையோ தடவை சொல்லியிருப்பாள், அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் வயிற்றுக்கே தெரிந்தது. அழுதாள். மூக்கைச் சிந்தினாள். "அக்கா, எனக்கு இல்லடி" என்று இல்லாதவளிடம் வாய்விட்டுச் சொன்னாள். நாத்தனாரும் சேர்ந்து அழுதாள். டாக்டரம்மா இரண்டு பேரும் ஓயும்வரை பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"ஆனா சர்க்கரை இருக்கு. முந்நூத்திப் பத்து. தாகம், இளைப்பு எல்லாம் அதனாலதான். ரத்தத்துல சர்க்கரை அவ்வளவு ஓடினா ஈஸ்ட் எப்படிப் போகும்? அடக்க அடக்க வந்துக்கிட்டேதான் இருக்கும்."

"சர்க்கரைதானா?" என்றாள் உருண்டையக்கா. முகம் மலர்ந்துவிட்டது. "வெறும் சர்க்கரைதானா டாக்டர்?"

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவளுக்கு ஒரே குதூகலம். சர்க்கரை வியாதி என்று கேட்டுக் கைகொட்டிச் சிரித்த ஆளை டாக்டரம்மா அதுவரை பார்த்திருக்க மாட்டார். "சிரிக்கிற விஷயம் இல்லம்மா. மாத்திரை, நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு, எல்லாம் இனிமே தினமும் வேணும்" என்றார்.

"நடக்குறேன் டாக்டர். எங்க வேணும்னாலும் நடக்குறேன்."

"இனிப்பு நிறையச் சாப்பிடுவீங்களா?"

நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தொடவே மாட்டாங்க டாக்டர்! அம்பது நாளாச்சு. டீகூட சர்க்கரை இல்லாமத்தான். தயிர், பூண்டு, வினிகர்... எல்லாம் என் மேற்பார்வைதான். நான் சாட்சி."

"தயிர் சாப்பிடுறதுல தப்பில்ல. வினிகரை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீங்க, தோல் வெந்துபோயிருக்கு" என்ற டாக்டரம்மா சட்டென்று நிறுத்தினார். "அது என்ன?"

உருண்டையக்காவின் கை பாதி வழியில் நின்றது. சந்தோஷம் தாங்காமல் கை தன் பாட்டுக்குக் கைப்பையைத் திறந்து, குப்பியை எடுத்து, உள்ளங்கை நிறையக் கவிழ்த்து, வாய்வரை கொண்டுபோயிருந்தது.

"இதா டாக்டர்? ஒண்ணுமில்ல. மருந்துகூட இல்ல. வெறும் உருண்டை."

"எதுல செஞ்சது?"

இருபத்திரண்டு வருஷம் அந்த டப்பாவின் மூடியில் எழுதியிருந்ததைத் தினமும் படித்தவள். கையிலிருந்த உருண்டைகளைப் பார்த்தாள்.

"சர்க்கரை" என்றாள்.

நாத்தனார் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் வராந்தாவரை கேட்டிருக்கும். "ஐயோ அண்ணி! உங்களுக்காக நானும் டீயில சர்க்கரைய விட்டேனே!"

ஒரு நாளைக்கு எவ்வளவு இருக்கும் என்று டாக்டரம்மா கேட்டார். அறுபது கூம்பு, கூம்புக்குப் பத்துப் பன்னிரண்டு, அதுபோகக் கைப்பைக் குப்பி என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு உருண்டையக்கா தொகையைச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இது ஒண்ணாலதான் வந்துச்சுன்னு சொல்லமாட்டேன். வயசு, பரம்பரை எல்லாம் இருக்கு. ஆனா எரியுற அடுப்புல நீங்க தினமும் விறகு வச்சுக்கிட்டே இருந்திருக்கீங்க" என்றார்.

அங்கிருந்து நேராக மருந்தகம் போனாள். மதியம், யாரும் இல்லை. டாக்டர் சார் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார். அவள் எலிப்பொறியை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தாள்.

"எலி நான்தான் சார்."

பிறகு நின்றபடியே முழுவதையும், வீட்டில் சொன்ன குறட்டைப் பொய்வரை, சொன்னாள், வழக்கமாக மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தையில் சொல்வாளே, அதே வார்த்தைகளில். சொல்லி முடித்தபோது ஆச்சரியமாக இருந்தது. வாய் வேகவில்லை.

டாக்டர் சார் கண்ணாடியைக் கழற்றினார். "எங்கிட்டச் சொல்லியிருந்தா முதல் நாளே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பேனேம்மா. யாரைத்தான் உருண்டைய மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கேன்? ஏழு மாசம் நீங்களே உங்களுக்கு டாக்டரா இருந்திருக்கீங்க." பொறியை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். "வீட்ல சொல்லிட்டீங்களா?"

"இல்ல சார்."

"இன்னைக்கே சொல்லுங்க. அப்புறம், என் நண்பருக்குக் கட்ட வேண்டிய குப்பி இன்னைக்குத்தானே? கட்ட வேண்டாம்."

நண்பருக்குக் குணமாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மாலை ஐந்தரை. வீட்டுக்காரர் கீழே வேனைக் கழுவிக்கொண்டிருந்தார், குழாய்ச் சத்தம் கேட்டது. அவள் மகள் அறைக்குப் போய்த் தலையணையை எடுத்தாள். தங்கள் அறைக்கு வந்து, பழைய இடத்தில், சுவரோரமாக வைத்தாள். விரிப்பு கசங்கியிருந்தது. இழுத்துச் சரிசெய்ய அவர் தலையணையைத் தூக்கினாள்.

கீழே வரிசையாக எட்டுக் குப்பிகள். ஏழு காலி, எட்டாவதில் கொஞ்சம் மீதி. எடுத்துப் பார்த்தாள். அச்சுக் கோத்த மாதிரியான கையெழுத்து. 'நான்கு உருண்டை, படுக்கும் முன்.' அவளுடைய கையெழுத்து.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பதினைந்து நாளுக்கு ஒன்று, எட்டுக் குப்பி, நாலு மாசம். தான் சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தது. பொய்க்கு மருந்து கட்டிக் கொடுத்திருக்கிறாள், அந்த மனுஷன் ஒரு வேளைகூடத் தவறாமல் தின்றிருக்கிறார்.

அவர் நனைந்த கால்சட்டையோடு உள்ளே வந்தார். முதலில் அவள் கையிலிருந்த குப்பியைப் பார்த்தார், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி நின்றார்.

"டாக்டர் சார் சொல்லிட்டாரா?"

"இல்ல. என் கையெழுத்து சொல்லுச்சு."

"உனக்குத் தூக்கம் கெடுதுன்னு..." என்று இழுத்தார். "உங்கிட்டக் கேட்டு வாங்க ஒரு மாதிரி இருந்துச்சு. அதான் அவர்கிட்டப் போனேன்." அப்போதுதான் சுவரோரம் இருந்த தலையணை அவர் கண்ணில் பட்டது. முகம் மெல்ல மாறியது. "என்ன, குறைஞ்சிருக்கா?"

"நீங்க குறட்டையே விடுறதில்லைங்க."

"அப்படியா!" என்றார். அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் அவள் பார்த்து வெகுநாள் ஆயிற்று. "அப்ப மருந்து நல்லாக் கேட்டிருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். ஈரக் கால்சட்டை விரிப்பை நனைத்தது, பரவாயில்லை. அரிப்பிலிருந்து ஆரம்பித்தாள். அக்காவுக்கு வந்தாள், வினிகரில் செத்த கரப்பான்பூச்சிக்கு வந்தாள், முந்நூற்றுப் பத்துக்கு வந்தாள். எல்லாம் முடிந்த பிறகு அவர் ஒன்றுதான் கேட்டார்.

"அக்காவுக்கு வந்தது இல்லைல்ல?"

"இல்லைங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவர் ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நான் குறட்டை விட்டதே இல்லையா?"

"ஒருநாள்கூட இல்ல."

"மல்லாந்து படுத்தா குறட்டை வரும்னு டாக்டர் சார் சொன்னாரே" என்றார். "நாலு மாசமா ஒருக்களிச்சே படுத்து என் தோள்பட்டை ரெண்டும் போச்சு."

உருண்டையக்கா குப்பியைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எந்தப் பக்கம் ஜாஸ்தி வலிக்குது?" என்று கேட்டாள்.

"நீ வருவேன்னு கதவுப் பக்கம் பாத்தே படுப்பேன்ல, அந்தப் பக்கம்" என்றார் அவர்.